பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவே

ஊறப்போட எடுத்த புருஷனின் சேட்டுப் பையிலிருந்து ராத்தா அதை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு உருளை. இரண்டு பக்கமும் குறட்டால் வெட்டிய கம்பிக் கால்கள். ஒரு முனையில் மட்டும் வெள்ளி நிறத்தில் ஒரு வளையம். "அவர்ட சேட்டுக்குள்ள கிடந்திச்சி புள்ள, என்ன சாமான் இது?" என்று கேட்டாள். மச்சான் முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு, முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றேன். அது இருவாயி, கடையில் டயோட் என்பார்கள், படகிலிருக்கிற சோலார் பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவில் இருக்க வேண்டியது, மச்சான் கழற்றியிருக்கிறார் என்றேன். அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள். இரவில் பெட்டரியில் இருக்கிற மின்சாரம் பெனல் வழியாகத் திரும்பக் கசியும் என்றேன். "அப்ப செட் வேல செய்யாதா?" என்றாள். கரையோடு கதைக்கிற வயர்லெஸ் செட்டைத்தான் கேட்டாள். "செய்யாமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் மனதில் எந்தக் கலக்கமும் இருக்கவில்லை. புருஷனின் சட்டைப் பையில் கிடந்த சாமானைப் பற்றி ஒரு பெண் கேட்டாள், அவள் தங்கச்சி பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

ராத்தாவும் நானும் சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள்தான் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் பேச முடியாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா தன் உழைப்பையெல்லாம் கல்லும் சீமெந்துமாக்கி, மகள்மார் இரண்டு பேருக்கும் இரண்டு வீடு எழுப்பிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அப்படி ராத்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான் மச்சான். தொழில் மீன்பிடி. ஆனால் மனிதருக்குக் கடலைவிடக் கரண்ட்தான் பைத்தியம். கரைக்கு வந்தால் வலையைக் காயப்போடுவதற்கு முன் மீட்டரைக் கையில் எடுத்துவிடுவார். மற்றவர்களின் படகுகளுக்கும் அவர்தான் பல்ப் பூட்டிக் கொடுப்பார், செட்டுக்கு வயர் இழுத்துக் கொடுப்பார். தன்னுடைய பைபர் படகுக்குத் தானே சோலார் பெனல் பூட்டினார். ஒரே மாதிரி இரண்டு பெனல் வாங்கி, ஒன்றைப் படகுக் கூரையிலும் மற்றதை வீட்டுக் கோழிக்கூட்டின் கூரையிலும் வைத்தார். கோழிக்கு எதற்கு லைட் என்று ராத்தா கேட்டாள். மரநாய் வராது என்றார். மரநாய் வந்தது, வெளிச்சத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனது.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆகையால் மச்சானுக்கு வாய்த்த எதிராளி நான்தான். இரவுச் சாப்பாட்டுக்கு நான் அங்கே போனால் அவருக்குச் சோறு இறங்காது, ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த இருவாயியைப் பற்றி எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறோம். "டீச்சர், ஒங்கட கறுத்த சாமான் நடுவில நிண்டு கூலி வாங்குது. பெனல்ல வாற வோல்ட்டுல முக்கால் வோல்ட்ட அது திண்டுபோட்டுத்தான் மிச்சத்த பெட்டரிக்கு விடுது. மழக்காலத்தில பெனல்ல வாறதே கொஞ்சம். அதுக்குள்ள இதுக்கு வேற பங்கு வைக்கணுமா?" என்பார். பகலில் கூலி வாங்கினாலும் இரவில் காவல் நிற்கிறதே என்பேன் நான். இருட்டினதும் பெனலில் அழுத்தம் இராது, பெட்டரியில் இருக்கும், இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு ஓடத்தானே மின்சாரம் பார்க்கும், அதை ஓடவிடாமல் மறிக்கிற கதவுதான் அது என்று விளக்குவேன். "எவ்வளவு ஓடும், அதச் சொல்லுங்க" என்பார். புத்தகத்தில் எவ்வளவு என்று போட்டிருக்காது, ஓடும் என்று மட்டும்தான் போட்டிருக்கும். ராத்தா நடுவில் வந்து இரண்டு பேருடைய சோற்றுக் கோப்பையிலும் குழம்பை ஊற்றிவிட்டுப் போவாள்.

இந்தப் பாடத்தை நான் வருடா வருடம் எடுக்கிறேன். செம்பு யார் வந்தாலும் வழிவிடும், கண்ணாடி யாருக்கும் விடாது, சிலிக்கன் இரண்டுங்கெட்டான் என்று தொடங்குவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சுத்தமான சிலிக்கனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. அதில் வேண்டுமென்றே ஒரு சிட்டிகை அழுக்குச் சேர்க்க வேண்டும். ஒரு வகை அழுக்கைச் சேர்த்தால் ஓரிலத்திரன், அதாவது ஓர் எலெக்ட்ரன், கூடுதலாக நிற்கும். இன்னொரு வகையைச் சேர்த்தால் ஓரிலத்திரன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறும் இடத்துக்குத் துளை என்று பெயர். அது வெறும் இல்லாமைதான். ஆனால் பௌதிகவியலில் அதற்கு மின்னேற்றம் உண்டு, அது நகரும், மின்னோட்டத்தைக் காவிக்கொண்டு போகும் என்று படிப்பிக்கிறோம். இல்லாதது எப்படி டீச்சர் நகரும் என்று ஒவ்வொரு வருடமும் ஒருத்தி கேட்பாள். நீள வாங்குப் பலகையில் ஐந்து பேரை இருத்தி, முதல் இடத்தைக் காலியாக விட்டு, ஒவ்வொருத்தியாக நகர்ந்து இருக்கச் சொல்வேன். பிள்ளைகள் இந்தப் பக்கம் நகர, காலி இடம் அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதற்குப் பிறகு கேள்வி வராது. இரண்டு வகைச் சிலிக்கனையும் ஒன்றாகச் சேர்த்தால் இருவாயி. ஒரு திசையில் விடும், மற்றத் திசையில் விடாது. விடாது என்றால் அறவே விடாது என்பதல்ல, ஒரு துளி விடும். பரீட்சைத் தாளில் அந்தத் துளியைப் புறக்கணிக்கத்தக்கது என்று எழுதினால் புள்ளி கிடைக்கும்.

மச்சான் வர வேண்டிய நாளில் வரவில்லை. அவரோடு பாண்டிருப்பைச் சேர்ந்த கூட்டாளி ஒருவரும் போயிருந்தார். கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குகிற இடைக்காலம், கடல் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அவர்கள் போனதற்கு அடுத்த நாள் பின்னேரம் வெளிக்கடலில் பெருங்காற்று ஒன்று அடித்ததாக மற்றப் படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். கரையிலிருந்து செட்டில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. ஊர்ப் படகுகள் தேடிப் போயின, கடற்படையும் தேடியது. ஒரு பலகைத் துண்டோ எண்ணெய்க் கேனோ வலையின் மிதப்போ, ஒன்றும் அகப்படவில்லை. ராத்தா வாசலில் நின்று, வருகிற ஆண்களிடமெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: செட்டில் கூப்பிட்டதற்கு மறுமொழி வந்ததா? இல்லை என்று அவர்கள் தலையைக் குனிந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். "அதுக்குரிய சாமான் வீட்டதானே கிடக்கு. பெட்டரி செத்துப் போயிரிக்கும். செட்டுத்தான் செத்த, மனிசன் இல்ல" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன புள்ள?" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அந்த ஆட்டலில் அவள் ஒரு வீடே கட்டிக்கொண்டாள். செட் நன்றாக இருந்து மச்சான் கூப்பிடாமல் இருந்தால் அவர் மௌத்தாகியிருக்க வேண்டும். செட் செத்திருந்தால் அவர் எங்கேயோ உயிரோடு மிதக்கலாம், ஏதோ ஒரு நாட்டுக் கரையில் ஒதுங்கியிருக்கலாம், மொழி தெரியாத சிறையில் இருக்கலாம். அப்படித் திரும்பி வந்தவர்களின் கதைகள் எங்கள் கரையில் நிறைய உண்டு, பொய்யும் இல்லை. பாண்டிருப்புக் கூட்டாளியின் வீட்டில் முப்பத்தோராம் நாள் கிரியைகளை முடித்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். ராத்தா போய் அந்த மனைவியின் பக்கத்தில் இருந்து அழுதுவிட்டு வந்தாள். தன் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு மச்சானின் சேட்டுகளை மடித்து வைத்தாள். ஒரே படகில் போன இரண்டு பேரில் ஒருவருக்காக அழுதாள், மற்றவருக்காக அழவில்லை. மௌலவி வந்து, உறுதி இல்லாமல் இத்தா தொடங்க முடியாது, பொறுங்கள் என்றார். இத்தா என்றால், புருஷன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் பார்வை படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம். அது முடிந்தால்தான் அவள் விதவையாக வெளியே வருவாள். ராத்தா அதற்குள் போகவுமில்லை, அதிலிருந்து வரவுமில்லை. தையல் மெஷினில் உழைத்து, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த ஒரே மகளைப் படிப்பித்தாள். சுனாமியில் கபுறில் அடக்கக் கிடைக்காத எத்தனையோ பேருக்குத் துஆ கேட்டுப் பழகிய ஊர் எங்களுடையது. ஆனால் மச்சானுக்காக யாராவது துஆ கேட்டால் அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அழவில்லை. ராத்தாவின் நம்பிக்கைக்கு முன்னால் அழுவது அவள் வீட்டுக்குள் செருப்போடு போவது மாதிரி இருந்தது. அதனால் அடக்கினேன். அடக்கி அடக்கி, பிறகு அடக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. இடையில் ஒரு முறை வகுப்பில் துளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ராத்தாவின் வீட்டிலும் இப்படி ஓர் இல்லாமைக்குத்தான் கோப்பை வைக்கிறோம், பெருநாளுக்கு உடுக்கப் புதுச் சாரம் எடுக்கிறோம் என்று மனதில் ஓடியது. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினேன். மச்சானோடு சண்டை பிடிக்க ஆளில்லாமல் போனது எனக்குப் பெரிய இழப்பு. அதைத் தெரிந்துதான் இருந்தேன், ஆனால் உணரவில்லை. விறைப்பூசி போட்ட பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

வருடங்கள் ஓடி, மகளுக்கு மருதமுனையிலிருந்து சம்பந்தம் வந்தது. ராத்தாவின் மகள் எனக்கும் மகள்தான். நல்ல பொடியன், வங்கியில் வேலை. ராத்தா தன் வீட்டை மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்து, பின்னறைக்குத் தன் மெஷினை மாற்றிக்கொண்டாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்தைப் பதிகிற காவின் எழுதுகிற பேச்சு வந்ததும் எல்லாம் நின்றது. பெண்ணைக் கட்டிக் கொடுக்க வலீ என்று பொறுப்பான ஓர் ஆண் வேண்டும். வாப்பா இருந்தால் வாப்பா. வாப்பா மௌத்தாகி, வாப்பாவைப் பெற்ற மூத்தவாப்பாவும் இல்லாமல், கூடப் பிறந்த ஆண்களும் இல்லாவிட்டால் வாப்பாவின் தம்பி. வாப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாவிட்டால் காதி நீதிபதியிடம் போக வேண்டும். மச்சானின் தம்பி நல்ல மனிதர், சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "மதினி, நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். எங்கட மூத்த காக்கா இரிக்கார் எண்டா நான் அவர்ட இடத்தில இரிக்க மாட்டன்." அதே கிழமை கல்முனை அச்சகத்திலிருந்தும் கேட்டார்கள். அழைப்பிதழில் மணமகளின் வாப்பா பெயருக்கு முன்னால் ஜனாப் என்று போடுவதா, மர்ஹூம் என்று போடுவதா? உயிரோடு இருக்கிறவர் ஜனாப், மௌத்தானவர் மர்ஹூம். மூன்றாவதாக ஒரு சொல் எங்களிடம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நாள் குறிப்பதைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

ராத்தா ஒரு நாள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து கதிரையின் விளிம்பில் இருந்தாள். "நீதான் படிச்சவள். அண்டைக்கு நீ சொன்ன சொல்லத்தான் நான் இண்டைக்கும் பிடிச்சிக்கிட்டு இரிக்கன். சரியாப் பாத்துச் சொல்லு புள்ள. அந்தப் பெட்டரி செத்திருக்குமா, இல்லையா? நீ சொல்றதக் கேட்டுத்தான் நான் அவங்களுக்கு முடிவு சொல்லப் போறன்." மௌலவியிடமோ காதியிடமோ போகாமல் பௌதிகவியல் டீச்சரிடம் வந்து, தான் மனைவியா விதவையா என்று கேட்கிற பெண் உலகத்தில் என் ராத்தா ஒருத்தியாகத்தான் இருக்கும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் தாளில் கணக்குப் போட்டேன். இத்தனை வருடத்தில் ராத்தா கேட்கவில்லை, நானும் போடவில்லை. சோலார் பெனலே சின்னச் சின்ன இருவாயிகளைக் கோத்த ஒரு மாலைதான். இருட்டில் பெட்டரி தன் பன்னிரண்டு வோல்ட்டால் அந்த மாலையைத் திறந்துகொண்டு ஓடப் பார்க்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டை மாலையின் முப்பத்தாறு மணிக்கும் பங்கு வைத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதைத் திறக்கக் காணாது. சிலிக்கன் அரை வோல்ட்டுக்கு மேலே கேட்கும், இங்கே கிடைப்பது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் கசிவு உண்டு, ஆனால் மிகச் சின்னது. தாளை நம்பி இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோழிக்கூட்டிலிருந்து மற்றப் பெனலை இறக்கினேன். எச்சத்தைக் கழுவித் துடைத்தேன். படகுக்குப் போடுகிற அதே அளவு பெட்டரி ஒன்றை மச்சானின் தம்பியிடம் இரவல் வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்கு மேலே கொங்கிரீட் சிலாப்பில் பெனலை வைத்து, இருவாயி இல்லாமல் நேரடியாகப் பெட்டரிக்கு இணைத்து, படகில் எரிகிற அளவு பல்ப் ஒன்றையும் பூட்டி, ஒவ்வொரு நாளும் விடிய ஸுபஹுக்கும் பொழுதுபட மஃரிபுக்கும் மீட்டர் பார்த்தேன். இரண்டு நாள் நல்ல மழையும் பெய்தது. அல்லாஹ் எனக்குச் சொல்லித் தப்ப ஒரு சாட்டும் மிச்சம் வைக்கவில்லை.

கசிவு இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது பொய்யில்லை. ஆனால் டோர்ச்சின் சின்ன பல்ப் கண் சிமிட்டக்கூடக் காணாத கசிவு அது. இத்தனை வருடம் வெயிலில் காய்ந்து தேய்ந்த பழைய பெனலே இவ்வளவுதான் கசிகிறதென்றால், படகில் இருந்த புதியது இதையும்விடக் குறையத்தான் கசிந்திருக்கும். இரவில் இறங்கியது பகலில் ஏறியது. மழை நாளில், வீட்டில் கிடந்த அந்த இருவாயியைப் பூட்டிப் பார்த்தபோது, பெட்டரிக்குப் போகிற மின்சாரம் குறைந்தது, கழற்றினால் கூடியது. மச்சான் கூலி என்று சொன்னதும் பொய்யில்லை. எவ்வளவு ஓடும் என்று அவர் கேட்டாரே, அதற்கும் விடை மீட்டரில் இருந்தது. சிலாப்பில் நின்றுகொண்டு, சண்டையில் அவருக்கு இத்தனை புள்ளி எனக்கு இத்தனை புள்ளி என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. பெட்டரி சாகவில்லை.

பொய் சொல்லலாமா என்று யோசிக்காமல் இல்லை. செத்திருக்கும் ராத்தா என்று ஒரு வசனம் சொன்னால், காதியிடம் போய் அனுமதி வாங்கிக் காவினை எழுதிவிடலாம், ஜனாப் என்று அச்சடிக்கலாம், அவள் தன் வீட்டுக்குள் அப்படியே இருக்கலாம். ஆனால் அவள் என்னிடம் ஆறுதல் கேட்டு வரவில்லை. பார்த்துச் சொல்லு என்றுதான் கேட்டாள். சனிக்கிழமை காலை பின்னறைக்குப் போனேன். மகளின் கல்யாணச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "பெட்டரி செத்திருக்காது ராத்தா" என்றேன். வகுப்பில் விடை சொல்கிற குரலில்தான் அது வந்தது. உடனே, செட்டுக்கு வேறு விதமாகவும் கேடு வரலாம், உப்புத் தண்ணி பட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம் என்று அடுக்கத் தொடங்கினேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"அவர் பூட்டின வயர் அறாது. பெட்டரியும் இருந்திரிக்கி. அப்ப கூப்பிட ஏலுமா இருந்திரிக்கி, கூப்பிடல்ல" என்றாள்.

ஓம் என்றேன். அவள் விழுந்து அழுவாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கிட்டப் போனேன். அவள் அழவில்லை. மடியில் கிடந்த சட்டையை நீவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இத்தின வருசமா நான் எப்பிடிப் படுத்தன் எண்டு தெரியுமா புள்ள? கண்ண மூடினா அவர் படகுக்குள்ள தண்ணி இல்லாம கிடக்கிறார். அந்தச் செட்டக் கையில வச்சிக்கிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கிறார். ஒருத்தருக்கும் கேக்குதில்ல. உசிரோட இரிக்கார் எண்டா அதையும் நான் நினைக்கத்தானே வேணும். ஒவ்வொரு ராவும் அதுதான். ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

பிறகு, "அப்ப அவருக்குக் கூப்பிட நேரமே கிடைக்கல்ல. அவ்வளவு கெதியா முடிஞ்சிரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

ஊசியில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி, சட்டையை மடித்து, மெஷினை மூடினாள். "மர்ஹூம் எண்டு போடச் சொல்லு. காதிட்டச் சொல்லவேண்டியத நான் சொல்றன். காவின் முடியட்டும், மறுகா நான் இத்தா இரிக்கன்" என்றாள். நான் முற்றத்துக்குப் போய் அச்சகத்துக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் எழுத்துக் கூட்டி ஒரு தடவை திரும்பக் கேட்டார், ஓம் என்றேன். உள்ளே வந்தபோது ராத்தா வெறும் பாயில் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள், அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை, மகள் சோற்றுக்குக் கூப்பிட்டதும் கேட்கவில்லை. தொழுகை தப்பப் போகிறது என்று, அஸருக்குக் கொஞ்சம் முந்தி நான்தான் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினேன்.